ஊர்ப் படத்துக்கு ஊரில் ஒரு திரை

‘கூழாங்கல்’ படம் எடுக்கப்பட்டது மதுரை மாவட்டம் மேலூரை ஒட்டிய அரிட்டாபட்டிப் பக்கம். குடிகார அப்பனும் பள்ளிக்கூடத்துப் பையனும் கொதிக்கிற வெயிலில் நடந்தே ஊர் திரும்புகிறார்கள், கதை அவ்வளவுதான். இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜும் அந்தப் பக்கத்துக்காரர். 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் அந்தப் படம் டைகர் விருது வாங்கியது. அந்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் போனது. திரையரங்க வெளியீடு மட்டும் வாய்க்கவில்லை. 2023 அக்டோபரில் நேராக ஓடிடியில் ஏறியது. ராட்டர்டாம் நடுவர்கள் பார்த்து இரண்டரை ஆண்டுக்கு மேல் கழித்து, மேலூர்க்காரர் தம் செல்பேசியில் தம் ஊரைப் பார்த்தார்.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. திரையரங்கம் வியாபாரம். நட்சத்திரம் இல்லாத படத்துக்கு வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ஒன்று கிடைத்தாலே பெரிது. திங்கள்கிழமை அதையும் தூக்கிவிடுவார்கள். அப்படியானால் ஓர் ஊரைப் பற்றி, அந்த ஊர்க்காரர் எடுத்த படத்தை, அந்த ஊர் மக்கள் கூடி உட்கார்ந்து பார்க்க என்ன வழி? அந்த வழியாகத்தான் உள்ளூர்ச் சுயாதீனப் படவிழாக்கள் வந்தன. தமிழ் பேசும் நிலங்களில் கால் நூற்றாண்டுக்கு மேலாக இவை நடக்கின்றன. என்ன சாதித்தன, எங்கே சறுக்கின என்று ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொந்தச் சமூகத்துப் படைப்பாளிக்குப் பொன்னாடை போர்த்துவது சுலபம். அந்தச் சமூகம் பார்க்க விரும்பாத ஒன்றை அதற்கே போட்டுக் காட்டும்போதுதான் இப்படி ஒரு விழாவுக்கு வேலை வருகிறது.

இந்தியாவில் படவிழாக் கலாச்சாரம் வெளியிலிருந்து உள்ளே வந்தது. கல்கத்தா பிலிம் சொசைட்டி 1947இல் தொடங்கியது. 1952இல் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. அதில் வந்த இத்தாலியப் படங்களைப் பார்த்து நம் இயக்குநர்கள் வாயடைத்துப் போன கதை பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. 1957இல் மெட்ராஸ் பிலிம் சொசைட்டி. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சித்ரலேகா. இவையெல்லாம் உலகப் படத்தை ஊருக்குக் கொண்டுவந்தன. தூதரகங்களிலிருந்து வரும் பெட்டிகள், பதினாறு எம்.எம். புரொஜெக்டர், ஒரு பழைய அரங்கு, ஐம்பது பேர். அந்த ஐம்பது பேரில் பாதிப் பேர் பிறகு எழுத்தாளர்களாகவோ விமர்சகர்களாகவோ ஆனார்கள். படம் எடுக்கப் போனவர்கள் குறைவு. காரணம் ரசனைக் குறைவல்ல, பிலிம் சுருளின் விலை.

படம் பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவிலிருந்த அந்தக் கோட்டைத் திருநெல்வேலிக் காஞ்சனை திரைப்பட இயக்கம் தாண்டியது. உலகப் படங்களைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த அமைப்பு அது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலம் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க மக்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள். பதினேழு பேர் செத்தார்கள். காஞ்சனையின் ஆர்.ஆர். சீனிவாசன் அந்தச் சம்பவத்தை வைத்து ‘நதியின் மரணம்’ ஆவணப்படத்தை எடுத்தார். அதுவரை பெர்க்மனையும் குரோசாவாவையும் பேசிக்கொண்டிருந்த ஒரு வட்டத்துக்கு, தன் ஊர் ஆற்றங்கரையில் நடந்ததைப் படமாக்க வேண்டிய நிலை வந்தது. படத்தை எடுத்தபின் அடுத்த கேள்வி: எங்கே போட்டுக் காட்டுவது? எந்தத் திரையரங்கு போடும்? உள்ளூர் விழா என்கிற யோசனைக்கு இப்படிப்பட்ட படங்களே ஆதாரம். விழாவைத் தொடங்கிவிட்டுப் படத்தைத் தேடியவர்கள் வெகு சீக்கிரம் ஓய்ந்துபோனார்கள்.

இந்த வகையில் நெடுநாள் நிலைத்தது மதுரை. 1998இல் ஆர்.பி. அமுதன் தம் மறுபக்கம் அமைப்பின் வழியாகத் தொடங்கிய மதுரை சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா. மதுரை சினிமாவுக்குப் பெயர்போன ஊர். 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரை ஆசியாவிலேயே பெரிது என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்த ஊர், அந்தத் தியேட்டர் இன்று இல்லை. ரசிகர் மன்றத்தின் தலைநகரம் என்றே சொல்லலாம். அந்த ஊரில், பாட்டில்லாத, சண்டையில்லாத, நாற்பது நிமிஷ ஆவணப்படத்துக்கு ஆள் சேர்ப்பதென்றால் துணிச்சல் வேண்டும்.

இத்தகைய விழா நடக்கும் இடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்லூரிக் கருத்தரங்கக் கூடம். ஜன்னல்களில் கறுப்புத் துணி; துணி போதாத இடத்தில் செய்தித்தாளை ஒட்டியிருப்பார்கள், பகல் காட்சியில் அதன் வழியே தலைப்புச் செய்தி தெரியும். மடிக்கணினியை புரொஜெக்டரோடு இணைக்கும் கேபிளை ஒரு மாணவர் அழுத்திப் பிடித்திருப்பார், விட்டால் நிறம் நீலமாகிவிடும். பென்டிரைவில் வந்த படம் ஓடும், சப்டைட்டில் வராது. வெளியூரிலிருந்து வந்த இயக்குநர் எழுந்து, தானே உரக்க மொழிபெயர்த்துச் சொல்வார். நுழைவுக் கட்டணம் கிடையாது. முன் வரிசையில் வகுப்பைக் கட் அடித்தவர்கள், அதற்குப் பின்னால் தொழிற்சங்கக்காரர், நடுவில் எல்லா விழாவுக்கும் வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர். படம் முடிந்ததும் கேள்வி நேரம். இந்தக் கேள்வி நேரத்துக்காகத்தான் விழாவே என்று நான் நினைக்கிறேன். மல்டிபிளெக்ஸில் படம் முடிந்தால் விளக்கைப் போட்டு, துடைப்பத்தோடு ஆள் வந்து நின்றுவிடுவார்.

அமுதனின் ‘பீ’ 2003இல் வந்தது. தலைப்பை மேடையில் உச்சரிக்கவே பலர் கூசினார்கள். மதுரையில் ஒரு தெருவில் மலம் அள்ளும் ஒரு துப்புரவுப் பணியாளரை அந்தப் படம் அவர் வேலை நேரம் முழுக்கப் பின்தொடர்கிறது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பின்னணி இசையோ வியாக்கியானமோ கிடையாது. அவர் குனிகிறார், கூட்டுகிறார், அள்ளுகிறார். நடுநடுவே கேமராவைப் பார்த்துத் தன் வாழ்க்கையைப் பேசுகிறார். தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறார்கள். கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. உலர் கழிப்பிடத்தையும் கையால் மலம் அள்ளுவதையும் சட்டம் 1993லேயே தடை செய்துவிட்டது என்பது பார்க்கிறவருக்கு ஞாபகம் வந்தால் வரட்டும், படம் அதைச் சொல்லிக்காட்டவில்லை. இந்தப் படத்தை டெல்லியில் பார்ப்பவருக்கு அது ஒரு சமூகக் கொடுமை. மதுரையில் பார்ப்பவருக்கு அது தான் நேற்று நடந்து போன தெரு. மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர் அவராகவே இருக்கலாம். இந்த வேறுபாட்டை வேறெந்த விழாவும் தர முடியாது.

ஆனால் ஊரில் போடுவதற்கு டெல்லியின் அனுமதி வேண்டும். 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி, தணிக்கைச் சான்று இல்லாத படத்தைப் பொதுவில் காட்டக் கூடாது. சின்ன விழாவுக்கு வரும் படம் எதிலும் சான்று இருக்காது. வாங்க நேரமும் பணமும் இருக்காது. வணிக நோக்கில்லாத விழா, பதிவு செய்த பார்வையாளர்களுக்கு மட்டும் என்றால் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்குத் தரலாம். தரலாம் என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது. 2004 மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவுக்கு முன்பு இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்று கேட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த நிபந்தனையை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் குஜராத் கலவரத்தைப் பற்றிய ராகேஷ் சர்மாவின் ‘பைனல் சொல்யூஷன்’ உள்ளிட்ட பல படங்கள் தேர்விலேயே விழுந்தன. படைப்பாளிகள் சேர்ந்து ‘விகல்ப்’ என்ற பெயரில் போட்டி விழாவே நடத்திவிட்டார்கள். 2017இல் கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவில் ரோஹித் வெமுலா, காஷ்மீர், ஜேஎன்யூ ஆகியவற்றைத் தொட்ட மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. மாநில அரசே நடத்தும் விழாவின் கதி இது.

மதுரையைக் களமாகக் கொண்டு இயங்கும் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ அதே 2017இல் வந்தது. ‘பீ’ வந்து பதினான்கு ஆண்டு ஆகியும் பொருள் மாறவில்லை: துப்புரவுத் தொழிலாளர்கள், அவர்களின் சாவு. பல ஊர்களில் திரையிட போலீஸ் அனுமதி மறுத்தது. அவர் படத்தை யூடியூபில் போட்டுவிட்டார், லட்சக்கணக்கானவர் பார்த்தார்கள். அப்படியானால் விழா எதற்கு, யூடியூப் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தனியே பார்க்கிறவர் பாதியில் நிறுத்திவிடலாம், கருத்துப் பகுதியில் வசை எழுதிவிட்டுப் போகலாம். பக்கத்து நாற்காலியில் ஒரு துப்புரவுத் தொழிலாளி உட்கார்ந்திருக்கும்போது அந்த வசை வாயில் வராது. போலீஸ் யூடியூபை விட்டுவிட்டு ஐம்பது பேர் கூடும் கூடத்தைப் பூட்டுகிறது என்றால், எது கனமானது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சமூகம் என்பது ஊர் மட்டுமில்லை. சென்னையில் 2013இல் தொடங்கிய ‘ரீல் டிசையர்ஸ்’ பால்புதுமையர் படவிழா. அந்த ஆண்டு டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 377ஆம் பிரிவை மறுபடி உயிர்ப்பித்தது. 2018 செப்டம்பரில் அது தளர்ந்தது. நடுவிலிருந்த ஆண்டுகளில் அந்த விழா அரங்கு, தம்மைப் போன்றவர்களைத் திரையிலும் பக்கத்து இருக்கையிலும் ஒரேசமயத்தில் பார்க்கக் கிடைத்த அரிய இடங்களில் ஒன்று. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தை ஒட்டி நடத்தும் பி.கே. ரோஸி திரைப்பட விழா இன்னொன்று. பெயரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. ஜே.சி. டேனியல் எடுத்த மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ மௌனப்படத்தில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் ரோஸி. திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது மேல்சாதியார் கொதித்தெழுந்தார்கள். அவர் ஊரைவிட்டு ஓடித் தமிழ்நாட்டுப் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். அவர் நடித்த படத்தில் ஒரு அடிச் சுருள்கூட மிஞ்சவில்லை. எந்தச் சமூகம் திரையிலிருந்து விரட்டப்பட்டதோ அது தன் பெயரில் ஒரு திரையைக் கட்டுகிறது. இதைக் கொண்டாட்டம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கேட்க வேண்டியது அடுத்தது: தன்னைக் கொண்டாடும் விழா தன்னைக் கேள்வி கேட்கும் படத்துக்கும் இடம் தருமா?

அந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் பதில் கிடைத்தது, கசப்பான பதில்.

இலங்கைத் தமிழ்ப்படத்தின் வரலாறு 1960களில் தொடங்குகிறது. தென்னிந்தியப் படத்தோடு மல்லுக்கட்டியே அது வளர்ந்தது, அல்லது வளராமல் போனது. யாழ் நகரின் தியேட்டர்களில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ஓடிய நாட்களுக்கு உள்ளூர்ப் படம் ஈடுகொடுக்க முடியவில்லை. 1977இல் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தில், யாழ்ப்பாணத்திலேயே ‘பொன்மணி’யை எடுத்தார். சாதியும் சீதனமும் ஒரு பெண்ணை என்ன செய்கின்றன என்பதைச் சத்தமில்லாமல் சொன்ன படம். ஊர் அதைக் கைவிட்டது. இன்று அதைச் சிறந்த இலங்கைத் தமிழ்ப்படங்களின் வரிசையில் வைத்துப் பேசுகிறோம். அன்றைக்கு அதைப் போட்டுக் காட்டிப் பேச ஒரு விழா இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அதிலிருந்த நெகட்டிவ்களும் சாம்பலாயின. பிறகு போர். மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட காலம். படம் எடுத்தவர்கள் புலிகள் இயக்கத்தின் நிதர்சனம் பிரிவினர்தான்.

போர் முடிந்து ஆறாண்டு கழித்து, 2015இல், யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. இயக்குநர் அனோமா ராஜகருணா, தெற்கிலிருந்து வந்த திரைப்படக்காரர். வெளியூர்க்காரர் நடத்தினால் அது உள்ளூர் விழாவா என்ற முணுமுணுப்பு அன்றே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொரியப் படமும் ஈரானியப் படமும் இந்தியத் துணைக்கண்டத்துக் குறும்படங்களும் ஒரு வார காலம் யாழ் நகரில் ஓடின, உள்ளூர் இளைஞர்களின் குறும்படங்களுக்கும் அதே திரை கிடைத்தது. கையில் ஒரு செல்பேசியோடு படம் எடுக்கப் புறப்பட்ட தலைமுறைக்கு அது சின்ன விஷயமில்லை. மதிசுதா ஐபோனிலேயே ‘வெந்து தணிந்தது காடு’ என்ற முழுநீளப் படத்தை, பலரிடம் சிறுசிறு தொகையாகப் பிரித்து எடுத்து முடித்தது இந்தச் சூழலில்தான்.

2018இல் சிக்கல் வந்தது. ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ 2017இல் கான் விழாவில் சிறப்புத் திரையிடலாகக் காட்டப்பட்ட படம். 1983இல் கலவரத்துக்குத் தப்பி வடக்கே ரயிலேறிய சிறுவன், வளர்ந்தபின், தமிழ் இயக்கங்கள் தமிழரையே கொன்ற கதையைத் தோண்டுகிறான். யாழ் விழாவின் நிரலில் படம் இருந்தது. எதிர்ப்பு எழுந்தது: படம் போராட்டத்தைக் கொச்சைப்படுத்துகிறது, அரச வன்முறையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, காயம் ஆறாத மண்ணில் இதைக் காட்டக் கூடாது என்றார்கள். விழா படத்தை நிரலிலிருந்து எடுத்துவிட்டது.

படத்தின் மீது எனக்கும் விமர்சனம் உண்டு. குற்றத்தைப் பங்கிடும் தராசு அதில் நேராக நிற்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் படம் முடிந்த பிறகான கேள்வி நேரம். கானில் அதைப் பார்த்த பிரெஞ்சுக்காரரிடம் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. அந்தச் சாவுகளில் அண்ணனை இழந்தவரும், இயக்கத்தில் இருந்தவரும், இருந்து விலகியவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஊர் யாழ்ப்பாணம் ஒன்றுதான். அந்தப் படம் உரசிப் பார்க்கப்பட வேண்டிய கல்லே அங்கேதான் இருந்தது. திரும்பப் பெற்றதால் படம் எங்கும் நிற்கவில்லை, எதிர்த்தவர்களின் வாதம்தான் பார்க்காதவர்களின் வாதமாகச் சுருங்கியது. அமைப்பாளர்களின் சங்கடமும் புரிகிறது. தெற்கிலிருந்து வந்தவர்கள் வடக்கில் நின்றுகொண்டு ‘நீங்கள் இதைப் பார்த்தே ஆகவேண்டும்’ என்று சொல்வது எளிதல்ல. உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் நின்று, படத்தைத் திட்டிக்கொண்டேகூட, ‘போடுங்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

இதோடு ஒப்பிட்டால் கோடம்பாக்கத்தின் பாதை வேறு. 2009 வாக்கில் கலைஞர் தொலைக்காட்சியில் வந்த ‘நாளைய இயக்குநர்’ குறும்படத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அதன் வழியே வந்தவர்கள். நல்லதுதான். கூடவே ஒரு நோயும் ஒட்டிக்கொண்டது: குறும்படம் என்றால் தயாரிப்பாளரிடம் நீட்டும் விசிட்டிங் கார்டு. பத்து நிமிஷம், கடைசி ஷாட்டில் ஒரு திருப்பம், ஊர் எதுவாக இருந்தாலும் ஒரே மாதிரி அறை, ஒரே மாதிரி விளக்கு. மாவட்டத் தலைநகர விழா எதிலாவது ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் இப்படி வரிசையாக வந்துகொண்டே இருக்கும். சொந்த ஊரைப் பார்க்கும் படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ‘நிழல்’ திருநாவுக்கரசு ஊர் ஊராக நடத்திய குறும்படப் பயிற்சிப் பட்டறைகளும், சென்னையில் தமிழ் ஸ்டுடியோ செய்த வேலைகளும் இந்த நோய்க்கு மருந்து தேடியவை. புலம்பெயர் நாடுகளின் விழாக்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கார்பரோவிலோ பாரிஸிலோ ஒரு ஈழத்து இளைஞர் எடுத்த படத்தைக் காட்டவும், கூட்டம் சேரச் சென்னையிலிருந்து ஒரு நட்சத்திரத்தை இறக்க வேண்டியிருக்கிறது. மறுநாள் மிஞ்சுவது நட்சத்திரத்தோடு எடுத்த செல்பி.

கடைசியில் எல்லாம் பணத்தில் வந்து நிற்கிறது. கோரக்பூரில் 2006இல் சஞ்சய் ஜோஷியும் ஜன் சம்ஸ்கிருதி மஞ்ச் நண்பர்களும் ‘எதிர்ப்பின் சினிமா’ விழாவைத் தொடங்கியபோது ஒரு விதி வைத்தார்கள்: நிறுவனம், அரசு, தொண்டு நிறுவனம் எதன் பணமும் வேண்டாம், பார்ப்பவர்கள் தருவது போதும். அந்த விழா அங்கிருந்து வட இந்தியாவின் பல சிற்றூர்களுக்குப் பரவியது. அதற்கும் முன்னோடி இயக்குநர் ஜான் ஆபிரகாம். தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’யை எடுத்து வைதிகர்களின் கோபத்தைச் சம்பாதித்த அதே ஜான், கேரளத்தில் ஒடேஸா குழுவோடு ஊர் ஊராகச் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைப் போட்டு, துண்டேந்தி, வசூலான காசில் 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். படத்தை எடுத்துத் திரும்ப அதே மக்களிடம் கொண்டுபோனார்கள். பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கே பதில் சொல்ல வேண்டும் என்பதை இவ்வளவு நேராகச் செய்துகாட்டிய குழு வேறில்லை. இன்று நிலைமை தலைகீழ். இணையத்தில் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு கூட்டமும் கூடாமல், மாதாமாதம் விருது தருகிற ‘சர்வதேச’ விழாக்கள் ஏராளம். நம் ஊர்க் குறும்படச் சுவரொட்டியில் பன்னிரண்டு இலை வளையம் இருக்கும். படத்தைப் பத்துப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். இளைஞர்களின் காசு இதில் கரைவதைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

விழா முடிந்த பிறகு படம் எங்கே போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை. மதுரை விழா தொடங்கிய காலத்துப் படங்கள் பல மினி டி.வி. (MiniDV) டேப்பில் எடுக்கப்பட்டவை. டேப் பூஞ்சை பிடிக்கிறது, அதை ஓட்டும் கருவியைப் பழுது பார்க்க ஆள் இல்லை. அதற்குப் பின்னால் வந்தவை கையடக்க வட்டுகளில், வட்டு செத்தால் படம் செத்தது. இப்போது வருபவை இணையச் சுட்டிகளாக வருகின்றன. விழா முடிந்ததும் கடவுச்சொல் மாறிவிடும். சில படங்களுக்கு விழா மலரில் அச்சான நாலு வரிதான் மிச்சம். சென்னை ரோஜா முத்தையா நூலகம் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறது. இலங்கையில் நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்து அச்சுப் பிரதிகளை மின்வடிவாக்கி வருகிறது. இந்த விழாக்கள் தேர்ந்த படங்களில் ஒரு பிரதியைப் படைப்பாளியின் சம்மதத்தோடு இப்படி ஓர் இடத்தில் கொடுத்துவைப்பது என்று நுழைவு விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம். சேர்ப்பதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.